பொழுதுபோக்கும் வலியறிதலும்

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல்லை ஆக்கியவர் இளைஞராகவே இருந்திருத்தல் வேண்டும். பொழுது மிகுதியாக உள்ளவனுக்கே அதனைப் போக்கும் கவலை உண்டு. அறுபதைக் கடந்தவரிடமிருந்து பொழுது தானாகவே போய்க்கொண்டிருக்கிறது. அதனைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. ஆயினும், பொழுதுபோக்கு ஒன்றைத் தேடிக்கொள்ளும் ஓய்வும், அதற்கெனச் செலவிடச் சிறிது பணமும் பெரும்பாலோர்க்கு அந்த அறுபதை ஒட்டித்தான் வாய்க்கின்றன. பிள்ளைகள் தலையெடுத்துவிடுகின்றனர், கடன் தீர்ந்துவிடுகிறது, சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது, விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அப்பொழுது மனிதன், சிறு வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காமற்போன ஒன்றை நினைத்துக்கொள்கிறான். அதனை இப்பொழுது வாங்கலாமா, வாங்கினால் எவ்வளவு வாங்கலாம் என்று எண்ணுகிறான். கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் வாழ்நாள் முழுவதும் சிக்கனத்தையே அறமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர்க்கு, இறுதிக் காலத்தில் தேவையற்ற ஒன்றை விரும்பும் உரிமை உண்டா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

பொதுப்படப் பேசினால் இவ்வினா பிடிபடாது. ஆதலின் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிராணியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், சுங்கான் சேர்க்கிறார். வழக்கில் நாம் ‘பைப்’ என்று சொல்லும் புகைக்குழாய்க்குச் சுங்கான் என்பதே பழைய பெயர். நம் கிராணியார் கற்பனை மனிதரே. ஆயினும் சுங்கானுக்குப் பதிலாகக் கைக்கடிகாரமோ, பழைய நாணயமோ, பேனாவோ, தூண்டிலோ சேர்க்கும் ஒருவரை நம்மில் ஒவ்வொருவரும் தம் உறவினரிடையே காணலாம்.

மற்றப் பொருள்கள் பல இருக்க, ஏன் சுங்கான்? அதற்கு விடை மலையின் வரலாற்றில் இருக்கிறது. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்து சென்றார். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுள் நம்மவர் பலர். தோட்டத்தில் எல்லாவற்றிற்கும் படிநிலை இருந்தது, புகையிலைக்கும் இருந்தது. துரையின் வாயில் சுங்கான். கிராணியின் சட்டைப் பையில் சிகரெட். ஆண் தொழிலாளியின் காதில் செருகிய சுருட்டு அல்லது பீடி. பெண்ணின் மடியில் வெற்றிலைப் பை. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல் நம் ‘சுருட்டு’ என்பதிலிருந்து சென்றதுதான். சொல்லை நம்மிடம் பெற்றுக்கொண்டவர்கள் மதிப்பைச் சுங்கானுக்கு வைத்துக்கொண்டனர் போலும்!

1960-களில் லயத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவன், தன் தந்தை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துரை முன் நிற்பதைப் பார்த்திருப்பான். துரை விடை சொல்லுமுன் சுங்கானைத் தட்டுவார், கிண்ணத்தைச் சுரண்டுவார், புகையிலையை அடைப்பார், தீக்குச்சியைக் கிழித்து இரண்டு முறை இழுப்பார். தந்தை காத்திருப்பார். பிறரைக் காக்கவைக்க வல்ல கருவியாகவே அச்சுங்கான் அச்சிறுவனின் மனத்தில் பதிந்திருக்கும். இன்னுமொரு செய்தி அவனுக்குத் தெரிந்திராது. சுங்கானின் கறுத்த ஊதுமுனை பெரும்பாலும் எபோனைட்டால் ஆனது. கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரே எபோனைட். மலாயா உலகத்திற்கு ரப்பர் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், சமவெளித் தோட்டங்களில் நம் பாட்டன்மார் சீவிய பால் எத்தனையோ சுங்கான்களின் முனையாகித் துரைமார்களின் பற்களுக்கிடையே இம்மண்ணுக்குத் திரும்பி வந்திருக்கக் கூடும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், அறுபது வயதில் அவர் வாங்கிய முதற் சுங்கானை வீண்செலவு என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் எட்டாத உயரத்தில் இருந்த ஒன்று அன்று கைக்கு வந்தது. அம்மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலை பெரிதன்று.

புகைத்தலைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்; இந்நூலை மாணவர்களும் படிப்பார்கள். சிகரெட்டைப் போலச் சுங்கான் தீங்கு செய்யாது என்று நம்பும் முதியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அந்நம்பிக்கை தவறு. வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றுநோயை விளைவிப்பதில் சுங்கானுக்கும் பங்கு உண்டு. மலேசியாவில் 2019 சனவரி முதல் உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. 2024 அக்டோபர் முதல் புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டமும் நடப்புக்கு வந்தது. நம் கிராணியார் மருத்துவர் சொற்கேட்டுப் புகைப்பதை விட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் இப்பொழுது சுங்கான்களைத் துடைக்கிறார், அடுக்குகிறார், பார்க்கிறார், அவ்வளவே. அவ்வாறு கொள்வதால், புகையின் தீமை ஒருபுறம் இருக்க, சேர்ப்பின் நன்மை தீமைகளை மட்டும் தனியே பார்க்க இயலும்.

சுங்கான் சேர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை புகைத்த சுங்கானை உடனே மீண்டும் புகைத்தல் ஆகாது. மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அது உலர ஒரு நாளேனும் வேண்டும். ஆகவே நாள்தோறும் புகைப்பவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்டவை தேவைப்படுகின்றன. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு சுங்கான்களைப் பெட்டியில் வைத்து விற்ற வணிகர்களும் இருந்தனர். ஏழு வரையில் தேவை என்னும் சொல்லைக் கூசாமல் சொல்லலாம். எட்டாவது சுங்கானை வாங்கும்போதுதான் மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். ‘இது பிரையர், மத்தியதரைக் கடலோரத்துப் புதரொன்றின் வேர்முண்டில் கடைந்தது, பிரான்சு நாட்டுச் செயின்ட் கிளாட் ஊரினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கலையில் பெயர்பெற்றவர்கள்’ என்று எட்டாவதற்குக் காரணம் கிடைக்கிறது. ‘இது மக்காச்சோளச் சக்கையில் செய்தது, அமெரிக்காவின் மிசூரியில் 1869 முதல் செய்துவருகிறார்கள், இவ்வினத்தில் ஒன்றுகூட என்னிடம் இல்லை’ என்று ஒன்பதாவதற்குக் கிடைக்கிறது. அறிவு வளர வளரச் செலவும் வளர்கிறது. அறியாமையால் கெடுபவர்களைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. ஒன்றைப் பற்றி மிகுதியாக அறிந்ததனாலேயே பணம் இழப்பவர்களைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

துணைப் பொருள்களும் சேர்கின்றன. பிரெஞ்சு அறிஞர் திதரோ 1769-இல் தம் பழைய மேலங்கியை நினைத்து இரங்கி ஒரு கட்டுரை எழுதினார். புதிய செந்நிற மேலங்கி ஒன்று வந்தது, அதன் பக்கத்தில் பழைய நாற்காலி இழிவாகத் தோன்றியது, நாற்காலியை மாற்றினார், பின் மேசை, பின் சுவரில் தொங்கிய படங்கள் என்று அறையே மாறிப்போயிற்று. பழைய அங்கிக்குத் தாம் தலைவராக இருந்ததாகவும், புதிய அங்கிக்குத் தாமே அடிமை ஆனதாகவும் அவர் வருந்துகிறார். சுங்கானும் அத்தகையதே. நல்ல சுங்கானுக்கு நல்ல தாங்கி வேண்டும். தாங்கிக்குக் கண்ணாடி அலமாரி வேண்டும். கேமரன் மலையின் ஈரக் காற்றில் மரம் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சத்தில் வைத்தாலோ எபோனைட் கறுப்பு நீங்கிப் பச்சையும் பழுப்புமாக மங்கும். ஆகவே மாதந்தோறும் துடைக்க வேண்டும், மெருகிட வேண்டும். நாற்பது சுங்கான்கள் உள்ளவர் மாதத்தில் எத்தனை நாளை அவற்றிற்குக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டால் அவரே வியந்துபோவார்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு சுங்கான் எண்பது வெள்ளி, மாதம் இரண்டு, ஆண்டுக்கு 1,920 வெள்ளி ஆகிறது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் நாட்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது, தேயிலைச் சரிவில் நாள் முழுதும் நிற்கும் ஒருவரின் ஒரு மாத உழைப்பைவிட மிகுதியான தொகை, ஓராண்டில் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் எண்பது வெள்ளிதானே என்று தோன்றியதன் விளைவு இது.

இதைக் கண்டவுடன் ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்று தொடங்கி, அனைத்தையும் துறந்துவிடுமாறு அறிவுரை கூறுவோர் உண்டு. முதியவர்க்கு அவ்வறிவுரையைக் கூறுவது எளிது, கூறுபவர்க்குச் செலவில்லை. ஆனால் நம் தோட்டத்துத் தலைமுறைக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களையே விலைக்கு வாங்கியவர்கள் இவர்கள். அப்பத்து வெள்ளி எத்தனை நாள் கறியில்லாச் சோற்றால் மிச்சமாயிற்று என்பது அவ்வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இத்தகையோரிடம் போய் ஆசையை அறுத்துவிடு என்பது, உண்ணாதவனிடம் போய் விரதத்தின் பெருமையைச் சொல்வது போன்றது.

தந்தையின் செலவைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். அவர்களுடைய கவலையில் பாதி அன்பு; மீதிப் பாதி, தமக்கு வரவேண்டியது குறைகிறதே என்னும் கணக்கு. அக்கணக்கிற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. உழைத்துச் சேர்த்தவர் அதைச் செலவிடப் பிள்ளைகளின் இசைவைப் பெற வேண்டும் என்பது அறமாகாது.

இங்கே திருக்குறளின் அமைப்பு எனக்கு வழிகாட்டுகிறது. வருவாய்க்கு மேற்படாத செலவைப் பற்றியும், அளவறிந்து வாழாதவனின் வாழ்வு இருப்பது போலத் தோன்றி இல்லாமற்போவதைப் பற்றியும் வள்ளுவர் பேசுகிறார். எந்த அதிகாரத்தில் பேசுகிறார்? துறவறத்தில் வரும் அவாவறுத்தலில் அன்று. பொருட்பாலில், அரசனின் போர்வன்மையை ஆராயும் வலியறிதலில். படையெடுக்குமுன் வினையின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்லும் அதே பத்துப் பாடல்களில்தான் செலவின் அளவும் வருகிறது. மென்மையான மயிலிறகாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையும் அங்கேயே இருக்கிறது. மயிலிறகு தீயதன்று, வண்டியில் ஏற்றுவதும் குற்றமன்று. அச்சு எவ்வளவு தாங்கும் என்று அறியாமல் ஏற்றுவதே பிழை. செலவை அடக்குதல் ஆசையைக் கொல்லும் முயற்சி என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். வள்ளுவர் அதனைத் தன் வலிமையின் எல்லையை அறியும் கலையாக வைத்திருக்கிறார். முதியவர்க்கு ஏற்ற நெறி இதுவே என்று கருதுகிறேன்.

முதுமையில் தன்வலி என்பது சேமநிதிக் கணக்கில் உள்ள தொகை மட்டுமாகாது. ஊழியர் சேமநிதி 1951-இல் தோன்றியது. ஐம்பத்தைந்து வயதில் அப்பணத்தை எடுக்கலாம். எடுத்த பணத்தைச் சில ஆண்டுகளுக்குள் தீர்த்துவிடுவோர் பலர் என்று அந்நிதியமே எச்சரித்துவந்திருக்கிறது. பணம் தீர்வதைப் பார்க்கப் பேரேடு இருக்கிறது. கண்ணொளியும் கைந்நடுக்கமும் எஞ்சிய மாலைப் பொழுதுகளும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. மீர்ஷம் என்று ஒருவகைச் சுங்கான் உண்டு. துருக்கியின் எஸ்கிசெஹிர் வட்டாரத்தில் தோண்டி எடுக்கும் வெண்ணிறக் கனிமத்தைச் செதுக்கிச் செய்வார்கள். ஆண்டுக்கணக்காகப் புகைக்கப் புகைக்க அது தேன் நிறம் ஏறி அழகு பெறும். புகைப்பதை விட்ட எழுபது வயதுக்காரர் புதிய மீர்ஷம் ஒன்றை வாங்கினால் அது என்றும் வெள்ளையாகவே இருக்கும். அவர் அதற்குப் பணம் கொடுக்க வல்லவர். அதற்கு வேண்டிய இருபது ஆண்டுகளைக் கொடுக்க வல்லவர் அல்லர். வாங்கும் வலிமையை உடைமையாக்கிக்கொள்ளும் வலிமை என்று மயங்குவதால்தான் முதுமையில் சேர்ப்பு பெருகுகிறது.

துணைவலியை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். எண்பது வெள்ளிக்கு வாங்கிய சுங்கானை முப்பது வெள்ளி என்று மனைவியாரிடம் சொல்லும் நாள் ஒன்று வருகிறது. பொழுதுபோக்கு எல்லை கடந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. வங்கிக் கணக்கைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இத்தகைய பொய் சிறியதாகத் தோன்றினும், இருவர்க்கும் பொதுவான ஒன்றிலிருந்து ஒருவர் மறைவாக எடுக்கிறார் என்பதை அவர் மனம் அறிந்திருப்பதாலேயே அது பிறக்கிறது. அந்த அம்மையார் இளமையில் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பனியில் கொழுந்து பறித்தவர். மாலையில் வந்து அடுப்பு மூட்டியவர். கணவர் ஓய்வு பெற்றார். அடுப்பிலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. துரையின் சுங்கானைப் பார்த்து ஏங்கிய சிறுவனைப் பற்றி இவ்வளவு எழுதினோம். அதே வயதில் துரைசாணியின் தோட்டத்து ரோசாச் செடியையோ, பங்களா சன்னலுக்குள் ஒலித்த பியானோவையோ பார்த்து ஏங்கிய சிறுமி ஒருத்தியும் இருந்திருப்பாள் அல்லளோ? அவள் ஏக்கம் என்னவென்று எவரும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு பொழுதுபோக்கு நாற்பது சுங்கான்களாக வளர்ந்து, மற்றொன்று பெயர்கூடப் பெறாமல் இருக்குமானால், அங்கே கேள்வி சிக்கனத்தைப் பற்றியது மட்டுமன்று. நீதியைப் பற்றியதும் ஆகும்.

இவ்வளவையும் படித்த ஆசிரியர் ஒருவர் ரோசா முத்தையாவைப் பற்றி என்ன சொல்வீர் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தார். அத்திரட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவர் அளவறிந்து அடங்கியிருந்தால் தமிழ் எவ்வளவோ இழந்திருக்கும். ஆயினும் அவருடைய சேர்ப்புக்கும் நம் கிராணியாரின் சேர்ப்புக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. முத்தையா எடுத்து வைக்காதவை செல்லுக்கும் பழைய தாள் கடைக்கும் இரையாகியிருக்கும். சுங்கானை நம்மவர் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார். உலகில் சுங்கான் ஒன்றும் குறையாது. தமக்காகச் சேர்ப்பவர் முத்தையாவின் பெயரைச் சொல்லித் தம்மை நியாயப்படுத்திக்கொள்வது எளிது. பலர் அதைச் செய்கின்றனர். பெருஞ்சேர்ப்புகளிலும் தமக்கென்று சேர்த்தவை பொதுவுடைமை ஆனது பெரும்பாலும் பின்னால் வந்தவர்களின் முயற்சியால்தான்.

அதற்கும் இம்மலையிலேயே ஒரு சான்று உண்டு. தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச்சு 26-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தானா ராத்தாவில் நண்பர்களுடன் தங்கியிருந்த மாளிகையிலிருந்து உலாவப் புறப்பட்டார், திரும்பவே இல்லை. காவலரும் படையினரும் ஒராங் அஸ்லி மக்களும் காட்டைச் சலித்தும் பயனில்லை. அவர்க்கு வயது 61. அவர் பெருஞ்சேர்ப்பாளர். பாங்காக்கில் பழைய தேக்குமர வீடுகள் ஆறனைப் பெயர்த்துக் கொணர்ந்து ஒரே இல்லமாக்கி, புத்தர் சிலைகளையும் சீனப் பீங்கான்களையும் ஓவியங்களையும் அதில் நிறைத்திருந்தார். 1962-இல் அந்நாட்டு நுண்கலைத் துறை சில புத்தர் தலைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர் மனம் நொந்து உயிலை மாற்றி எழுதினார் என்பர். குகையில் இருந்தவை யாருக்கு உரியவை என்பதைப் பற்றி அவர் சார்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. மலைக்கு அவர் எடுத்துவந்த பொருள்கள் சில. அன்று வெளியே போகும்போது சிகரெட்டையும் தீமூட்டியையும் மாத்திரைகளையும்கூட வைத்துவிட்டுப் போனார். பாங்காக்கு இல்லம் 1976-இல் அமைந்த அறக்கட்டளையின் பொறுப்பில் காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டது. அத்தகைய அறக்கட்டளை கிராணியார்க்கு அமையப்போவதில்லை. அவர் சுங்கான்கள், அவற்றின் பெயர்கூட அறியாத பிள்ளைகளின் கையில் ஓர் அட்டைப் பெட்டியாகத்தான் போய்ச் சேரும்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தபின் அதில் நிலைத்திருக்க இயலாது. நம்மவர் ரிங்லெட்டில் வாடகைக்கு இருக்கிறார். முழங்கால் வலியும் மலைக்குளிரும் கூடும்போது, ஈப்போவிலோ கிள்ளானிலோ மகள் வீட்டு மாடிக் குடியிருப்பிற்கு இருவரும் இறங்க நேரும். அங்கே அவர்கட்கு ஓர் அறை. அதில் அலமாரி ஒன்று. அதில் பாதி அம்மையாரின் சேலைகளுக்கு உரியது. அளவை அப்பாதி அலமாரி சொல்லிவிடும். ஆனால் பிறர் சொல்லி அறிவதற்கும் தாமே முன்கூட்டி அறிவதற்கும் வேறுபாடு உண்டு. தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குக் கவாத்து புதிதன்று. வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகி ஓங்கும். கொழுந்து கைக்கு எட்டாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துக் கத்தியால் இடுப்பளவுக்கும் கீழே வெட்டிவிடுவார்கள்; பார்ப்பதற்கு மொட்டையாய்க் கிடக்கும்; சில மாதங்களில் தளிர்க்கும். செடியை வேரோடு பிடுங்குவாரும் இல்லை, விருப்பம்போல் வளரவிடுவாரும் இல்லை.

கிராணியார் நாற்பதையும் ஒரு நாள் பிற்பகலில் பாய்மேல் பரப்பலாம். முதலில் வாங்கியது நிற்கும். துரை வைத்திருந்ததைப் போன்ற வளைகழுத்துப் பிரையர் ஒன்று நிற்கும்; அதை எடுத்துவிட்டால் மற்றவற்றிற்குப் பொருளே இல்லை. வெள்ளை மீர்ஷத்தை, இன்னும் இருபது ஆண்டு அதைப் பார்த்திருக்க வல்ல இளைய சேர்ப்பாளர் எவர்க்கேனும் கொடுத்துவிடலாம். மற்றவற்றை விற்றால் வாங்கிய விலையில் பாதியும் வாராது, வந்தது வரட்டும். அத்தொகையை அம்மையாரிடம் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்றே அவர் முதலில் சொல்வார். இரண்டாம் முறையும் கேட்க வேண்டும்.